40,000 ரூபாய் பிளெண்டர்: வாங்கலாமா?

ராயபுரத்தில் எங்க பக்கத்து ரூம் தம்பி ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சம்பளம் 28,000. "அண்ணா, 1,400 வாட்ஸ் பிளெண்டர், 40,000 ரூபாய். நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு, போட்டுடவா?"னு கேட்டான்.

"வாரத்துக்கு எத்தனை தடவை ஸ்மூத்தி குடிப்ப?"

"ரெண்டு தடவைண்ணா."

அஞ்சு வருஷத்துக்கு 520 கிளாஸ். மெஷின் செலவு மட்டும் கிளாசுக்கு 77 ரூபாய். பழம், பால் தனி! தினமும் குடிச்சா 22 ரூபாய்தான். அப்போ வாங்குறதுல ஒரு நியாயம் இருக்கு.

கிரெடிட் கார்டு நோ காஸ்ட் இஎம்ஐயும் முழுசா இலவசம் இல்லைங்க. வட்டியை டிஸ்கவுண்டா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி நம்ம கையிலிருந்துதான் போகும். பெரும்பாலும் பிராசஸிங் ஃபீயும் உண்டு.

சட்னி, மசாலாவுக்கு 750 வாட்ஸ் மிக்சி தாராளம். இட்லி மாவுக்கு கிரைண்டர்தான். பிளெண்டர் வேகத்துல மாவு சூடாகிடும். ஃப்ரோசன் பழம், நட் பட்டர்னு அடிக்கடி அரைக்கிறவங்களுக்குத்தான் அந்த பவர் உதவும். எங்க அம்மா 2011 திட்டத்துல அரசு கொடுத்த விலையில்லா மிக்சியில்தான் இன்னும் சட்னி அரைக்கிறாங்க!

"ஒரு மாசம் ரூம் மிக்சியிலேயே தினமும் போட்டுக் குடி, அப்புறம் பேசலாம்"னு தம்பிகிட்ட சொன்னேன். முதல் வாரத்துல மூணு நாள் குடிச்சிருக்கான்.