பழைய புத்தகத்தில் புதிய பக்கம்

டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டியுள்ளது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஷிப்டு முறையில் உழைத்துப் பழகிய கைகளுக்கு இந்த ஓய்வு பெருஞ்சுமை. உடன் வருவோருக்கோ காத்திருப்பே வேலையாகிவிடுகிறது. இவ்விரு சாராருக்கும் ஏற்ற ஒரு கலையை இவ்விதழில் அறிமுகப்படுத்துகிறோம். பழைய புத்தகத்தின் அச்சிட்ட பக்கங்கள்மீதே வண்ணம் தீட்டியும் காகிதம் ஒட்டியும் அதனை ஓவிய நூலாக மாற்றுவதே அக்கலை.

இங்கிலாந்து ஓவியர் டாம் பிலிப்ஸ் 1966ஆம் ஆண்டில் 3 பென்சு விலைக்கு ஒரு பழைய நாவலை வாங்கினார். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சியவற்றை ஓவியத்தால் மறைத்தார். எஞ்சி நின்ற சொற்கள் வேறொரு கதையைச் சொல்லின. அந்நூலின் இறுதிப் பதிப்பு 2016இல் வெளிவந்தது. ஒரே புத்தகத்தில் 50 ஆண்டு உழைப்பு!

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. அதே 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர், 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில் எழுத்துகள், எண்கள், ஜாதகக் கட்டம் போன்ற வடிவங்களால் திரையை நிரப்பினார். அவருக்குத் தூண்டுகோலாக அமைந்தது, கணக்குப் படிக்கும் மாணவர் ஒருவரின் நோட்டுப் பக்கம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பள்ளி நோட்டும் இதற்குப் போதும்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். அதன்பின் நெடுநேரம் நின்று தீட்டும் வலிமை குறைந்தது. உதவியாளர்கள் தாளில் வண்ணம் பூசித் தர, அவர் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டினார். 1947இல் வெளியான 'ஜாஸ்' என்னும் நூல் அவ்வாறு பிறந்தது. துணைக்கு இருப்பவரின் கையும் கலையில் சேரும் என்பதற்கு இது சான்று.

தொடங்குவது எளிது. பழைய டைரி அல்லது கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்ட ஒட்டப் புத்தகம் தடிக்கும். எனவே இடையிடையே சில தாள்களைக் கிழித்துவிட்டு, எஞ்சியவற்றை இரண்டிரண்டாக ஒட்டி உறுதிப்படுத்துங்கள். நாட்காட்டித் தாள், திருமண அழைப்பிதழ், பேருந்துச் சீட்டு, புடவைக் கடைப் பை, மாத்திரை அட்டை என எதையும் ஒட்டலாம். பிடித்த ஓவியரின் முறையைப் பின்பற்றினால், பக்கத்தின் ஓரத்தில் அவர் பெயரைக் குறித்திடுங்கள். கற்றுத் தந்தவருக்குச் செய்யும் மரியாதை அது.

சில எச்சரிக்கைகள் உண்டு. டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து செலுத்தப்படுவது வழக்கம். சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். ஆகவே படுக்கையில் கத்தரியும் பிளேடும் வேண்டாம். தாளை விரலால் கிழித்தாலே அழகிய ஓரம் கிடைக்கும். ஃபிஸ்டுலா உள்ள கையை அசைக்காதீர்கள். உடனிருப்பவர் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோர் பூஞ்சை படிந்த பழம்புத்தகங்களைத் தொடலாகாது. மருத்துவக் கோப்பையும் பரிசோதனை அறிக்கையையும் ஒருபோதும் வெட்டி ஒட்டாதீர்கள். நகல் எடுத்துப் பயன்படுத்துங்கள்.

இக்கலை நோயைக் குணப்படுத்தும் என்று நாங்கள் கூறமாட்டோம். இரத்தப் பரிசோதனையில் அதன் பயன் தெரியாது. ஆயினும் நோய் நம் அன்றாடத்தின் பெரும்பகுதியைத் தானே எழுதிவிடும்போது, அப்பக்கத்தில் எதை மறைப்பது, எதை விடுவது என்னும் முடிவு சிறிது நேரமேனும் நம் கையில் இருப்பது நல்லது. அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது ஒரு பழைய புத்தகத்தையும் பையில் எடுத்து வாருங்கள்.