தண்டவாளத்தில் வந்த சர்ச்!

புதுசாக ஓர் ஊர் முளைத்தால் முதலில் என்ன வரும்? நம் பக்கம் டீக்கடை. நூறு வருஷத்துக்கு முன்னால் மேற்கு அமெரிக்காவில் சாராயக்கடை!

ரயில் பாதை போடப் போட, ஓரத்தில் ஊர்கள் முளைத்தன. குடும்பத்தை விட்டு வேலைக்கு வந்த இளவட்டங்கள். சம்பளம் வாங்கினால் போக்கிடம் அந்த ஒரு கடைதான். சர்ச் கட்டக் காசும் கிடையாது, பாதிரியாரும் கிடையாது.

வடக்கு டகோட்டா பிஷப் வில்லியம் வாக்கர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 1890ல் புல்மன் கம்பெனி அவருக்கு ஒரு ரயில் பெட்டியையே சர்ச்சாகச் செய்து கொடுத்தது. மறு வருஷமே பாப்டிஸ்டுகள் 'இவாஞ்சல்' என்ற பெட்டியோடு வந்தார்கள். 1907ல் கத்தோலிக்கர்களும் சேர்ந்துகொள்ள, மொத்தம் 13 பெட்டிகள்!

உள்ளே வரிசையாக பெஞ்சுகள், பிரசங்க மேடை, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன். கடைசியில் கொஞ்சூண்டு இடம். பாப்டிஸ்ட் பெட்டிகளில் போதகரும் மனைவியும் அதில்தான் குடித்தனம். வாடகை இல்லை. பல ரயில் கம்பெனிகள் இழுகூலிகூட வாங்கவில்லை.

பிரசங்கம் பாதியில் இருக்கும்போது வண்டி கிளம்பிட்டா? எனக்கும் இதே சந்தேகம்தான். கிளம்பாது. ஊர் வந்ததும் பெட்டியைக் கழற்றி சைடிங்கில் விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி பார்க்கும் ரயில்வே ஆட்களுக்கு வேலை இடத்துக்குப் பக்கத்திலேயே சர்ச்! ஆட்கள் சேர்ந்து, வசூல் செய்து, ஊருக்கென்று சொந்த சர்ச் எழும்ப ஏற்பாடானதும், பெட்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

முதல் உலகப் போர் இதற்கு சிவப்புக் கொடி காட்டியது. 1917 கடைசியில் ரயில்வேயை அரசாங்கம் கையில் எடுக்க, இனாம் சவாரி நின்றது. அப்புறம் சாலைகளும் மோட்டார் கார்களும் பெருகின. சில பெட்டிகள் பிறகும் ஓடின. ஆனால் பழைய மவுசு இல்லை.

75 பெண்கள் தலைக்கு 100 டாலர் போட்டு 1898ல் உருவான 'மெசஞ்சர் ஆஃப் பீஸ்' பெட்டியின் கதையைக் கேளுங்கள். ரிட்டயர் ஆன பிறகு ரோட்டோர ஓட்டலாக இருந்தது; அப்புறம் கடற்கரை வீடானது. இப்போது பழுது பார்த்து, வாஷிங்டன் மாநிலத்து ஸ்னோகுவால்மி ரயில் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஓர் ஊருக்கு வந்து, 'இனி நீ தேவையில்லை' என்கிற நிலையை உண்டாக்கிவிட்டு நகர்வதுதான் அந்தப் பெட்டியின் உத்தியோகமே. சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு சார் அது வரும்?