ஒரே மல்லி, இரண்டு எண்ணெய்

அழகுப்பொருள் கடைகளில் இப்போது ‘கொரியாண்டர் ஆயில்’, ‘சிலான்ட்ரோ ஆயில்’ என்று இரண்டு சிறு குப்பிகள் விற்கிறார்கள். முதலாவது மல்லி விதையிலிருந்து வடித்தது, இரண்டாவது மல்லித்தழையிலிருந்து. இரண்டுமே கொரியாண்ட்ரம் சட்டைவம் என்ற ஒரே செடியின் வாசனை எண்ணெய்கள்தான். ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை ஊற்ற முடியாது.

விதை எண்ணெயில் பெரும்பங்கு, ஏறத்தாழ 60 முதல் 80 சதவீதம் வரை, லினலூல். லேசான இனிப்பும் பூவாசமும் கலந்த மணம் அதற்கு. தழை எண்ணெயில் ஆள்வது டெக்கனால், டோடெசினால் போன்ற ஆல்டிஹைடுகள். பச்சைத்தழையைக் கசக்கினால் மூக்கில் குப்பென்று ஏறுகிறதே, அந்த வாசம். சிலருக்கு அது சோப்பைத் தின்பது போலிருக்கும். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆல்டிஹைடுகளை உணரும் ஓஆர்6ஏ2 (OR6A2) என்ற மோப்ப மரபணுவின் அருகில் உள்ள வேறுபாட்டுக்கும் இந்த வெறுப்புக்கும் தொடர்பு உண்டு என்று 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. செடியில் காய் பச்சையாக இருக்கும்போது அதிலும் மூட்டைப்பூச்சியை நினைவூட்டும் இந்த ஆல்டிஹைடு வாடைதான்; முற்றிக் காயக்காய ஆல்டிஹைடு குறைந்து லினலூல் ஏறுகிறது.

திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் மூட்டை மூட்டையாக இறங்கும் மல்லியில் பெரும்பகுதி ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேச வயல்களில் விளைந்தது. நம் நாட்டு மல்லி பருமனாக இருக்கும். பொடிக்கு நன்றாகக் காணும். எண்ணெய் மட்டும் அதில் குறைவு, பெரும்பாலும் அரை சதவீதத்தைத் தொடாது. ரஷ்யா, உக்ரைன் பக்கத்துச் சிறுமணி மல்லியில் 1 சதவீதமும் அதற்கு மேலும் கிடைக்கும் என்பதால் வடிப்பவர்கள் அதையே தேடுகிறார்கள். தழையில் நிலைமை இன்னும் மோசம்: நூறு கிலோ பச்சைத்தழையை நீராவியில் வடித்தால் சில பத்து கிராம் தேறினாலே பெரிது. தழை எண்ணெயின் விலை ஏன் அவ்வளவு அதிகம் என்று இதிலிருந்தே விளங்கும். குப்பி மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

விதை எண்ணெய் வாசனைத் திரவியம், சோப்பு, மிட்டாய், ஜின் சாராயம் என்று பல இடங்களுக்குப் போகிறது. வயிற்று உப்புசத்துக்கான மருந்துகளிலும் உண்டு. தழை எண்ணெய் தொழிற்சாலைச் சரக்கு. பாக்கெட் சட்னி, சாஸ், நூடுல்ஸ் மசாலாவுக்குப் பச்சை வாசம் ஏற்றத் துளி போதும். எர்ணாகுளம் வட்டாரத்து மசாலாச்சாறு ஆலைகளுக்கும் திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள தேசிய இடைத்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் இந்த வாசனை வேதியியல் அன்றாட வேலை.

தழை எண்ணெய் உடம்பிலுள்ள ஈயம், பாதரசத்தை வெளியேற்றும் என்று விளம்பரம் செய்கிறார்கள். மனிதர்களிடம் அதற்கு உறுதியான சான்று கிடையாது. கிருமியை அடக்கும் குணம் ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது, உண்மைதான். அதற்காக அதைக் குடிக்கக் கூடாது.

தோலில் தடவ விரும்பினால் விதை எண்ணெயே மேல். அதையும் நேராகத் தடவாமல் 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 1 மில்லி கலந்து, முழங்கையின் உட்புறம் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். திறந்து வைத்த குப்பியில் லினலூல் காற்றுப்பட்டு மாறும். அப்படி மாறிய பொருள்கள் ஒவ்வாமை தரக்கூடியவை. எனவே இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். செக்கில் ஆட்டிய மல்லி எண்ணெய் என்று இன்னொன்று உண்டு. அது கொழுப்பு எண்ணெய். இந்தக் கணக்கில் சேராது.

சமையலுக்கு இந்த இரண்டு குப்பியுமே வேண்டியதில்லை. தீயல் குழம்புக்குத் தேங்காயோடு மல்லியைச் சிவக்க வறுக்கும்போது எழும் மணம் சூட்டில் புதிதாகப் பிறப்பது. வடித்த எண்ணெயில் அது இருக்காது. தழை வாசத்துக்கோ திருவனந்தபுரம் வீடுகளில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். மழையிலும் வெக்கையிலும் கொத்தமல்லி இங்கே சரியாக வருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வரும் தழையில் பூச்சிமருந்து இருக்குமோ என்ற பயம் வேறு. அதனால் பலர் நிழலில் ஆப்பிரிக்க மல்லி வளர்க்கிறார்கள். பெயர்தான் ஆப்பிரிக்கா, சொந்த ஊர் மத்திய அமெரிக்கப் பகுதி. நீண்டு, ஓரம் ரம்பப்பல்லாக இருக்கும் அந்த இலையின் எண்ணெயிலும் முக்கியச் சரக்கு டோடெசினால்தான். கொத்தமல்லி வாசம் கொதியில் ஓடிவிடும். இது நின்று மணக்கும். சாம்பாருக்கு ஓர் இலையே தாராளம்.

வாங்குவதென்றால் லேபிளில் ‘விதை’யா ‘தழை’யா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். செடியின் பெயரை மட்டும் போட்டு, எந்தப் பாகம் என்று சொல்லாத குப்பியை வாங்காதீர்கள்.