குழிக்கு 3 ரூபாய் 76 காசு

மைதா 100 கிராம், சீனி 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை 2. பிள்ளைகளோடு வீட்டில் சின்னச் சின்னக் கேக் செய்ய இதைவிட எளிய அளவு கிடையாது. முட்டை எவ்வளவு எடையோ, அவ்வளவு மாவு, அவ்வளவு சீனி, அவ்வளவு வெண்ணெய். நாமக்கல்லிலிருந்து கடைக்கு வரும் வெள்ளை முட்டை ஓட்டோடு 50 முதல் 55 கிராம் வரை இருக்கும். இரண்டு சேர்ந்தால் நூற்றை ஒட்டி வந்துவிடும். எழுதிவைக்காமலே ஏழு வயதுப் பிள்ளைக்கு மனப்பாடமாகும் கணக்கு இது.

காரைக்குடி வீட்டில் இதற்கு ஓவன் வாங்கவேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். 12 குழி உள்ள பணியாரக் கல் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இரண்டு ஈடாக ஊற்றிய கேக் எண்ணிக்கையில் 24 வரும். செலவைப் பார்ப்போம். கீழே உள்ளவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட சில்லறை விலைகள். உங்கள் கடையில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

மைதா 100 கிராம், கிலோ ரூ. 50: ரூ. 5.00
சீனி 100 கிராம், கிலோ ரூ. 46: ரூ. 4.60
வெண்ணெய் 100 கிராம்: ரூ. 58.00
முட்டை 2, ஒன்று ரூ. 6.50: ரூ. 13.00
பால் 20 மி.லி., லிட்டர் ரூ. 60: ரூ. 1.20
பேக்கிங் பவுடர் 4 கிராம்: ரூ. 1.60
வெனிலா எசன்ஸ் அரைத் தேக்கரண்டி: ரூ. 5.00
எரிவாயு 30 கிராம்: ரூ. 1.80
ஆக மொத்தம்: ரூ. 90.20

24 குழிக்கு வகுத்தால் குழி ஒன்றுக்கு ரூ. 3.76. இதில் வெண்ணெயின் பங்கு மட்டும் நூற்றுக்கு 64. மாவும் சீனியும் சேர்ந்து 11 கூட ஆகவில்லை. ஆகவே மைதாவில் மிச்சம் பிடிப்பதும், மலிவான சீனி தேடி அலைவதும் வீண் வேலை. கணக்கைக் குறைக்க வேண்டுமானால் வெண்ணெயில்தான் கைவைக்க முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கடைக் கேக்குக்கு 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரிக்குறைப்பில் வீட்டுக் கேக்கைவிடக் கடைக் கேக்குக்குத்தான் அதிக ஆதாயம். அப்படியும் பேக்கரியில் ஒரு கப் கேக் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த 90 ரூபாய்க்கு ஆறுதான் கிடைக்கும்.

எரிவாயுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 14.2 கிலோ சிலிண்டர் ரூ. 870 என்றால் கிலோ ரூ. 61 சொச்சம். சின்ன பர்னர் மணிக்கு ஏறக்குறைய 95 கிராம் எரிக்கும். கல் சூடேற 3 நிமிடம், இரண்டு ஈடுக்கு எட்டெட்டு நிமிடம், ஆக 19 நிமிடம், 30 கிராம். இரண்டு ரூபாய்கூட இல்லை.

இப்போது ஓவனை எடுத்துக்கொள்வோம். 1500 வாட் ஓ.டி.ஜி., சூடேற 10 நிமிடம், வேக 18 நிமிடம். முழு நேரமும் கம்பி சிவந்தே இருந்தாலும் 0.7 யூனிட்டுக்கு மேல் போகாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற நம் மாநிலக் கணக்கில் அது அடங்கினாலும் அடங்கும். அடங்காவிட்டால் யூனிட் 5 ரூபாய் என்று போட்டு ரூ. 3.50. காகிதக் கப் 12, ரூ. 7.20. எரிவாயுவைக் கழித்து இவற்றைச் சேர்த்தால் ரூ. 99.10, 35 கிராம் மாவு ஊற்றிய 12 கேக், ஒன்று ரூ. 8.26. குழிக் கேக்கைப்போல் இரட்டிப்பு அளவு என்பதால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் பெட்டியின் விலை இன்னும் கணக்கில் ஏறவில்லை. 6000 ரூபாய் ஓவன் ஐந்து வருடம் உழைத்து, மாதம் இரண்டு முறை அதில் கேக் செய்தால் 120 முறை. முறைக்கு 50 ரூபாய். கேக் ஒன்றின் தலையில் ரூ. 4.17 கூடுகிறது. முட்டைக்குக் கொடுத்ததுபோல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு இந்தப் பெட்டிக்குப் போகிறது. பணியாரக் கல்லின் விலையோ அப்பத்தா காலத்திலேயே வசூலாகிவிட்டது.

குழிக் கல்லில் ஸ்பாஞ்ச் கேக்கா என்று கேட்பவர்களுக்கு: ஜப்பானில் திருவிழாக் கடைகளில் குட்டி காஸ்டெல்லா என்று உருண்டை உருண்டையாக விற்பது இதே பண்டம்தான். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் நாகசாகிக்குக் கொண்டுவந்த காஸ்டெல்லா கேக்கின் சிறு வடிவம்; குழி அச்சில் ஊற்றிச் சுடுகிறார்கள். டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் சமயத்தில் முட்டையும் மைதாவும் கலந்து குழிச்சட்டியில் ஊற்றித் திருப்பிப்போடும் பலகாரம் உண்டு. பர்மாவில் அரிசி மாவைக் குழியில் ஊற்றி, வெந்த இரண்டு பாதிகளை ஒன்றோடொன்று ஒட்டி விற்கிறார்கள். ரங்கூன் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த நம் ஊர் நகரத்தார் கண்ணில் அது படாமல் இருந்திருக்காது. சிறு குழியில் மாவு குறைவு, சுற்றிலும் இரும்பு. நடுப்பகுதி வேகும்வரை ஓரம் காய்ந்துபோகும் தொல்லை சிறிய கேக்கில் இல்லை. அதனால்தான் இத்தனை நாட்டிலும் குழி நிலைத்திருக்கிறது.

வெண்ணெய்க் கேக்கில் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு, அதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். வெண்ணெயையும் சீனியையும் சேர்த்துக் குழைத்து வெளுக்க அடிக்கவேண்டும். சீனியின் கூர்மையான ஓரங்கள் வெண்ணெயில் நுண்ணிய காற்றறைகளை வெட்டிக்கொண்டே போகும்; பிறகு பேக்கிங் பவுடரின் வாயு அந்த அறைகளுக்குள் புகுந்துதான் அவற்றைப் பெரிதாக்கும். அறை இல்லாவிட்டால் வாயுவுக்குத் தங்க இடமில்லை. வெளிநாட்டுச் சமையல் புத்தகங்கள் வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்கட்டும் என்கின்றன. அவர்கள் அறை 20 டிகிரி. காரைக்குடியில் சித்திரை மதியம் 37, 38 டிகிரி. வெண்ணெயோ 32 டிகிரியைத் தாண்டினாலே நெய்யாக ஓடத் தொடங்கும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. எனவே இங்கே காலை எட்டு மணிக்கு முன் வேலையைத் தொடங்குவது நல்லது. குளிர்பெட்டியிலிருந்து பத்து நிமிடம் முன்னால் எடுத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும், விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டக்கூடாது. அதுதான் பதம். மோர் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெய் என்றால் தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிட்டு நிறுக்க வேண்டும். தண்ணீருக்கும் வெண்ணெய் எடை கொடுத்துவிட்டால் கேக் கனத்துப்போகும்.

பேக்கிங் பவுடர் 4 கிராம் என்றேன். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு ஆப்ப சோடா; மீதி புளிப்பு உப்பும் சோள மாவும். 1.2 கிராம் சோடா முழுவதும் வினைபுரிந்தால் அறை வெப்பத்தில் சுமார் 340 மில்லி லிட்டர் கரியமில வாயு கிளம்பும். மொத்த மாவே 420 கிராம்தான். ஒரு தேக்கரண்டிப் பொடி கிட்டத்தட்ட மாவின் பருமனுக்கே வாயு தருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், பொடியைக் குவித்து அள்ளும் கை தானாக நிதானமாகும். கூடப் போட்டால் கேக் கூடுதலாக உப்பாது. சுவர் உடைந்து நடுவில் அமுங்கும், நாக்கில் கசக்கும்.

வெண்ணெய் இல்லாத கேக்தான் சரியான ஸ்பாஞ்ச். அதன் கணக்கு வேறு. முட்டை 3, ரூ. 19.50. சீனி 75 கிராம், ரூ. 3.45. மைதா 75 கிராம், ரூ. 3.75. செக்குக் கடலை எண்ணெய் 30 மில்லி, ரூ. 7.80. வெனிலாவுக்குப் பதில் ஏலக்காய் ஒரு கிராம், ரூ. 3. பேக்கிங் பவுடர் 2 கிராம், 80 காசு. எரிவாயு முன்போலவே ரூ. 1.80. ஆக ரூ. 40.10, குழிக்கு 16 கிராம் வீதம் 20 கேக், ஒன்று 2 ரூபாய். வெண்ணெய்க் கேக்கில் பாதி விலைக்குச் சற்றுமேல். என் மனசு இதன் பக்கம்தான். கை வலிக்க அடிக்கவேண்டும், அது உண்மை. முட்டையும் சீனியும் இருக்கும் கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீர்மேல் வைத்து, 40 டிகிரி சூட்டில் அடித்தால் நுரை சீக்கிரம் எழும். கரண்டியைத் தூக்கினால் விழும் மாவு நாடாபோல் மேலே சில நொடி நின்று பிறகு அமிழவேண்டும். அதற்குப் பிறகு மைதாவைச் சலித்துத் தூவி மெல்ல மடித்துக் கலக்கவேண்டும், அடிக்கவே கூடாது. எண்ணெய் கடைசியில்.

அதே கல்லில் நம் இனிப்புப் பணியாரம் என்ன ஆகிறது என்றும் போட்டுப் பார்த்தேன். பச்சரிசி 200 கிராம் ரூ. 12, உளுந்து 50 கிராம் ரூ. 6.50, வெல்லம் 150 கிராம் ரூ. 10.50, எண்ணெய் 20 மில்லி ரூ. 5.20, ஏலக்காய் ரூ. 2, எரிவாயு மூன்று ஈட்டுக்கு ரூ. 2.70. மொத்தம் ரூ. 38.90, தண்ணீரோடு 600 கிராம் மாவு, 30 பணியாரம், ஒன்று ரூ. 1.30. விலையில் ஜெயிப்பது பணியாரம்தான். நேரத்தில் கேக் ஜெயிக்கும்: ஊறவும் ஆட்டவும் புளிக்கவும் காத்திருக்கத் தேவையில்லை, ஒரு மணி நேரத்துக்குள் தட்டுக்கு வந்துவிடும். பொறுமை ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்காத வயதில் இது சின்ன விஷயமல்ல.

அளவுக் கணக்கு இந்த ஊர் அடுப்படிக்குப் புதிதல்ல. வெள்ளைப் பணியாரத்துக்கு ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு உளுந்து. பால் பணியாரத்துக்கு இரண்டும் சரிபாதி. தராசு இல்லாமலே விகிதம் தவறாத முறை. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதால் எத்தனை பேர் வந்தாலும் பெருக்கிக்கொள்ளலாம். நகரத்தார் வீட்டில் கல்யாணமான மகனை வேறு வைத்ததும், ஒரே வளவுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு; சின்ன வயது மருமகளும் அன்றிலிருந்து தன் குடும்பச் செலவைத் தானே பார்க்கவேண்டியிருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் இருந்த கடைகளில் பெட்டியடிப் பையனாக நுழைந்து, பெட்டியருகே உட்கார்ந்து கணக்கு பழகி, பிறகுதான் அடுத்தாள், மேலாள் என்று ஏறவேண்டியிருந்தது. மேலாளின் பணித் தவணை மூன்று வருடம். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் கையெழுத்து திருந்தும் வயதிலேயே பழக்கமானவை. கேக் செய்யும் காலையில் ஒரு பிள்ளையின் கையில் பென்சிலும் நோட்டும் கொடுக்கச் சொல்வது இந்தப் பழக்கத்தை நம்பித்தான்.

வேலையை வயதுப்படி பிரிக்கலாம். ஐந்து வயது: மைதா சலிக்க, குழிகளில் எண்ணெய் தடவ, அதுவும் கல் அடுப்பேறும் முன். எட்டு வயது: நிறுக்க, முட்டை உடைக்க. ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேர்க்கவேண்டும். ஒரு கெட்ட முட்டை ரூ. 6.50 நஷ்டத்தோடு நிற்கட்டும், மொத்த மாவையும் கொண்டுபோகவேண்டாம். பதினொரு வயது: நுரை அடிக்க, கணக்கு எழுத. அடுப்பும் பணியாரக் கம்பியும் பெரியவர் கையில் மட்டும். சீனி கலந்த மாவு இட்லி மாவைவிடச் சீக்கிரம் கருகும். தீ கடைசி அளவுக்கு இறங்கியிருக்கவேண்டும், மூடியிட்டு ஐந்து நிமிடம், திருப்பி மூன்று நிமிடம். குழியில் முக்கால் பங்குக்குமேல் ஊற்றவேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் கிண்ணங்கள் அழகழகாகக் கிடைக்கின்றன. பூச்சு உதிர்ந்த கிண்ணத்தில் மட்டும் மாவு அடிக்காதீர்கள்.

எத்தனை சாப்பிடலாம் என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்கும் எண் உண்டு. வெண்ணெய்க் கேக் ஒன்றில் சீனி 4.2 கிராம், சக்தி ஏறக்குறைய 67 கலோரி. ஸ்பாஞ்சில் 3.75 கிராம், 51 கலோரி. சேர்க்கும் சீனியிலிருந்து வரும் சக்தி நாள் தேவையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நாளைக்கு 1700 கலோரி தேவைப்படும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் 21 கிராம் சீனி. வெண்ணெய்க் கேக் ஐந்திலேயே அது தீர்ந்துபோகும், பாலிலும் காப்பியிலும் போட்ட சீனியைச் சேர்க்காமல். மூன்று கொடுக்கலாம். மிச்சத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்தால், நம் ஊர் வெக்கையில் ஸ்பாஞ்ச் ஒரு நாள், வெண்ணெய்க் கேக் இரண்டு நாள்.

நோட்டில் கடைசியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: முட்டை ஒரு ரூபாய் ஏறினால் ஸ்பாஞ்ச் கேக் ஒன்றுக்கு 15 காசு ஏறும், வெண்ணெய்க் கேக்குக்கு 8 காசு. நூறு கிராம் வெண்ணெய் 10 ரூபாய் ஏறினால் வெண்ணெய்க் கேக்குக்கு 42 காசு ஏறும், ஸ்பாஞ்சுக்கு ஒன்றும் ஏறாது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது எந்தக் கேக் என்பதை அந்தப் பிள்ளையே விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.