25 கோடி விழுந்தால் என்ன செய்வீங்க?

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு லாட்டரியில் 25 கோடி ரூபாய் விழுந்துவிட்டது. நிஜமாகவே! இப்போது என்ன செய்வீர்கள்?

காலாண்டுத் தேர்வு லீவில் முடிச்சூரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். தாம்பரம் மேற்கில் இறங்கி பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர். சாயங்காலம் கரன்ட் போய்விட்டது. டி.வி. இல்லை, ஃபேன் இல்லை. தெருப் பிள்ளைகள் எல்லாரும் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். சும்மா இருக்க முடியுமா? இதே கேள்வியை அவர்களிடம் போட்டேன்.

"ஐ.பி.எல். டீம் வாங்குவேன்!" என்றான் மட்டையும் கையுமாக நின்ற ஒருவன்.

அடப்பாவி! 2021-ல் லக்னோ அணி ஏலம் போனது 7,090 கோடிக்கு. டீமை விடுங்கள், 2024 நவம்பர் ஏலத்தில் ரிஷப் பந்த் ஒருவருக்கே 27 கோடி. நம் 25 கோடி அவருக்குக்கூடப் போதாது. இதைச் சொன்னதும் பையன் முகம் தொங்கிவிட்டது.

"எங்க ஸ்கூலை வாங்கி, தினமும் லீவு விட்டுடுவேன்" என்றது ஒரு வாண்டு. "அம்மாவுக்கு ஸ்கூட்டி, மிச்சத்துக்கு சாக்லேட்" என்றாள் ஒரு குட்டிப் பெண். எல்லாரும் ஒரே கூச்சல்.

ஒருவன் மட்டும் பேசவில்லை. ஏழாம் வகுப்பு படிப்பவன். "நீ என்னப்பா செய்வே?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டைத் தூக்குவேன்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அவன் சிரிக்கவில்லை. எதிரே இருந்த தன் வீட்டைக் காட்டினான். ரோடு மேலே இருக்கிறது, வீடு கீழே இருக்கிறது. ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வாசற்படி பள்ளத்துக்குள் போய்விட்டது. மழை வந்தால் தண்ணீர் நேராக நடுவீட்டுக்கு வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது உங்களில் பலர் பிறக்கவே இல்லை, அல்லது கைக்குழந்தை. டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உங்கள் ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை ஸ்கேலுக்கு மேல்! அடையாறு கரை தாண்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு விட்டுத்தான் ஜனங்களை மீட்டார்கள். அந்தப் பையனின் பாட்டியும் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து படகில் ஏறியவர்தான்.

சரி, வீட்டைத் தூக்க முடியுமா? முடியும் குட்டீஸ்! சென்னைப் பக்கத்தில் பல வீடுகளைத் தூக்கியிருக்கிறார்கள். அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டி, லாரி டயர் மாற்ற வைப்பார்களே ஜாக்கி, அதைச் சுவர்களுக்கு அடியில் வரிசையாக வைக்கிறார்கள். ஒன்று இரண்டல்ல, வீட்டின் அளவைப் பொறுத்து நூற்றுக்கணக்கில். எல்லா ஜாக்கியையும் ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடத் திருகினால் சுவர் விரிந்துவிடும். வீடு மெல்ல எழும்ப எழும்ப, அடியில் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டே வருவார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. அதற்கான பணம்தான் அந்தப் பையன் வீட்டில் இல்லை.

"அதான் அங்கிள், லாட்டரி விழுந்தா..." என்றான்.

விழுந்தவர் கதை ஒன்று தெரியும். சொல்லட்டுமா?

2022 செப்டம்பர் 17, சனிக்கிழமை ராத்திரி. திருவனந்தபுரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் கேரள அரசின் ஓணம் பம்பர் சீட்டு வாங்கப் போனார். விலை 500 ரூபாய். கையில் 50 ரூபாய் குறைந்தது. தன் குட்டிப் பையனின் உண்டியலை உடைத்து அந்த 50 ரூபாயை எடுத்தார். மறுநாள் குலுக்கல். முதல் பரிசு 25 கோடி அவருக்கே! அவர் அப்போது மலேசியாவுக்குச் சமையல் வேலைக்குப் போவதற்காக வங்கியில் கடன் கேட்டிருந்தார். இனி எதற்குக் கடன்?

ஆனால் 25 கோடியும் கைக்கு வராது. எவ்வளவு வரும்? பேப்பர், பென்சில் எடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.

முதலில் சீட்டு விற்ற ஏஜென்டுக்கு நூற்றுக்குப் பத்து. அது இரண்டரைக் கோடி. மீதி 22 கோடியே 50 லட்சம். அதில் நூற்றுக்கு 30 வருமான வரி. அது 6 கோடியே 75 லட்சம். மீதி 15 கோடியே 75 லட்சம். முடிந்ததா? இல்லை. இவ்வளவு பெரிய தொகை என்றால் வரிக்கும் மேலே ஒரு வரி உண்டு. அதற்கு சர்சார்ஜ் என்று பெயர். அந்த வருட விதிப்படி, கட்டிய வரியில் நூற்றுக்கு 37. சுமார் இரண்டரைக் கோடி. அதற்கும் மேலே 4 சதவீதம் செஸ், அது சுமார் 37 லட்சம். கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய 12 கோடியே 88 லட்சம். பாதிதான்!

பாதி என்றாலும் குறைச்சலா என்ன? நூற்றுக்கு ஆறு ரூபாய் வட்டிக்கு வங்கியில் போட்டாலே மாதம் ஆறு லட்சத்துக்கு மேல் வட்டி வரும். (அந்த வட்டிக்கும் வரி உண்டு. அது வேறு கதை!)

அப்புறம்தான் விஷயமே. பரிசு விழுந்த ஐந்தாறு நாளில் அந்த ஆட்டோ ஓட்டுநர் ஒரு வீடியோவில் பேசினார். நாடு முழுக்கப் பார்த்தார்கள். என்ன சொன்னார் தெரியுமா? நிம்மதி போய்விட்டது என்றார்! காலையில் கதவைத் திறந்தால் வாசலில் கூட்டம். கல்யாணத்துக்கு, கடனுக்கு, வைத்தியத்துக்கு என்று உதவி கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் இருக்க முடியவில்லை, சொந்தக்காரர்கள் வீட்டுக்கு மாறி மாறிப் போய் ஒளிகிறேன் என்றார். இத்தனைக்கும் பணம் இன்னும் அவர் கைக்கு வரவே இல்லை! முதல் பரிசுக்குப் பதில் மூன்றாம் பரிசு விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். பணத்தை இரண்டு வருஷம் தொடாமல் வங்கியில் வைக்கப் போவதாகவும் சொன்னார்.

பின்னாளில் அவர் ஒரு கடை வைத்தார். என்ன கடை? லாட்டரிக் கடை!

2016-ல் கோழிக்கோட்டில் இன்னொரு வேடிக்கை. மேற்கு வங்காளத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து சில நாட்களே ஆன ஒருவருக்கு ஒரு கோடி விழுந்தது. அவருக்கு அங்கே யாரையும் தெரியாது, மலையாளமும் தெரியாது. சீட்டை யாராவது பறித்துவிட்டால்? நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டார். ஸ்டேஷனுக்குப் போக எல்லாரும் பயப்படுவார்கள், கோடீஸ்வரரோ பயந்துபோய் அங்கே ஓடினார்!

"அப்ப பணம் வந்தா சந்தோஷமே வராதா?" என்று ஸ்கூட்டிப் பெண் கேட்டாள்.

இதை விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1978-ல் அமெரிக்காவில் லாட்டரி வென்ற 22 பேரை, வெல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் மற்றவர்களைவிட அதிக சந்தோஷமாக இல்லை. நண்பனோடு பேசுவது, டி.வி. பார்ப்பது போன்ற சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த சுகம் குறைந்திருந்தது. பல வருஷம் இந்த ஆராய்ச்சியையே எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் 22 பேர் என்பது உங்கள் வகுப்பில் பாதிகூட இல்லையே? ஸ்வீடனில் 3,000 பேருக்கு மேல் விசாரித்த ஆராய்ச்சி 2020-ல் வெளிவந்தது. பெரிய பரிசு வென்றவர்கள் பல வருஷம் கழித்தும் தங்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். பணத்தால் ஒன்றுமே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்குள் தண்ணீர் வருகிறவனிடம் அப்படிச் சொன்னால் அவன் கோபப்படுவான், அது நியாயமும்கூட.

"அப்ப ஒரு சீட்டு வாங்கலாமே?" என்றான் ஐ.பி.எல். பையன்.

தமிழ்நாட்டில் வாங்க முடியாது தம்பி. முன்பு முடிந்தது. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது நம் அரசே பரிசுச் சீட்டு நடத்த ஆரம்பித்தது. ஒரு ரூபாய்ச் சீட்டு. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அதற்கான வாசகம். உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், உடனே சொல்வார். கேரளத்திலும் முதல் குலுக்கல் அதே 1968-ம் ஆண்டு ஜனவரி 26-ல். அங்கே முதல் பரிசு 50,000 ரூபாய்.

பிறகு வெளிமாநிலச் சீட்டுகளும் இங்கே குவிந்தன. பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, மூலைக்கு மூலை லாட்டரிக் கடை. தினமும் பல குலுக்கல்கள். அன்றாடக் கூலியை அப்படியே சீட்டுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போன அப்பாக்கள் நிறைய. விழாவிட்டால் 'நாட்டுக்கு' சரி, அந்த வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு? 2003 ஜனவரியில், ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. சீட்டு விற்றே பிழைத்த மாற்றுத் திறனாளிகள் பலருக்கு அன்று வேலை போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போதும் எல்லை தாண்டிப் போய் வாங்குகிறவர்கள் உண்டு. 2023 ஓணம் பம்பர் 25 கோடியும் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கு விழுந்தது. வாளையாரில் வாங்கிய சீட்டு.

உடனே பஸ் ஏறிவிடாதீர்கள்! ஆட்டோ ஓட்டுநர் வென்ற வருஷம் விற்ற சீட்டு 66 லட்சத்துக்கும் மேல். முதல் பரிசோ ஒன்றே ஒன்று. 66 லட்சம் என்றால் எவ்வளவு? விநாடிக்கு ஒரு சீட்டு என்று எண்ணுங்கள். ஜூன் முதல் தேதி ஆரம்பித்து, தூங்காமல், சாப்பிடாமல் எண்ணினால், சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த மறுநாள்தான் எண்ணி முடிப்பீர்கள். அத்தனை சீட்டில் ஒன்று!

கடைசியாக ஒரு கதை. எனக்கு ரொம்பப் பிடித்தது.

2021 மார்ச். கேரளத்தில் ஆலுவா பக்கம் ஓர் அம்மா லாட்டரிச் சீட்டு விற்கிறார். வீட்டில் ஏகப்பட்ட கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பர் சீட்டில் 12 விற்காமல் மிஞ்சிவிட்டது. வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு போன் செய்தார். அவர்களில் ஒருவர் தோட்ட வேலை செய்பவர். "எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க, 200 ரூபாயை அப்புறம் தர்றேன்" என்றார். அந்த அம்மாவும் எடுத்து வைத்தார்.

அன்றைக்கே முடிவு வந்தது. எடுத்து வைத்த அந்தச் சீட்டுக்கு 6 கோடி!

சீட்டு யார் கையில்? அந்த அம்மா கையில். பணம் கொடுத்தாரா? இல்லை. எழுதிக் கொடுத்தது ஏதாவது உண்டா? அதுவும் இல்லை. வெறும் போன் பேச்சுதான்.

இங்கே கதையை நிறுத்திவிட்டுத் திண்ணையில் கேட்டேன். "நீங்களா இருந்தா?"

"நான் வெச்சுப்பேன். யாருக்குத் தெரியும்?" என்றது வாண்டு.

"அந்த மாமா நாளைக்கு ரோட்டுல பார்த்தா என்ன சொல்வே?" என்றாள் ஸ்கூட்டிப் பெண்.

"வேற சீட்டை எடுத்துக் கொடுத்துடுவேன்." "அது ஏமாத்து!" "அவரு காசே கொடுக்கலையே!" "எடுத்து வைக்கிறேன்னு சொன்னாங்கல்ல?" ஒரே சண்டை. கொஞ்ச நேரம் விட்டுவிட்டேன்.

அந்த அம்மா அன்று ராத்திரியே அவர் வீட்டுக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்துவிட்டார்.

"அந்த 200 ரூபாயை வாங்கினாங்களா?" ஸ்கூட்டிப் பெண்தான் கேட்டாள்.

வாங்கிக்கொண்டார். சீட்டின் விலை அதுதானே!

கரன்ட் வந்துவிட்டது. 'ஹே...' என்று கத்திக்கொண்டு எல்லாரும் டி.வி.க்கு ஓடினார்கள். ஏழாம் வகுப்புப் பையன் மட்டும் நான் கணக்குப் போட்ட பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அங்கிள், 12 கோடியே 88 லட்சத்துல எத்தனை வீட்டைத் தூக்கலாம்?"

"உன் வீடு ஒண்ணுதானே சொன்னே?"

"எங்க வீட்டை மட்டும் தூக்கினா, தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போயிடும்ல?"

சொல்லிவிட்டு, தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.