சென்னைச் சேற்றுப் புழுவுக்குக் கிடைத்த சொந்தப் பெயர்

சாத்தூரைத் தொட்டு ஓடும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில் போய்க் கலக்கிறது. ஆறும் கடலும் கலக்கும் இப்படிப்பட்ட கழிமுகச் சேறுதான் பல்முட்புழுக்களுக்குப் பிடித்த இடம். மண்புழுவுக்கு உறவுதான். ஆனால் இவற்றுக்கு ஒவ்வொரு வளையத்தின் இருபக்கமும் சதைத் துடுப்பு, அதில் கற்றையாய் நுண்முட்கள். இறால் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்கு இரையாகப் போடும் 'பாலிகீட்' இதுவே.

1921இல் புழு ஆய்வாளர் ரோலண்ட் சதர்ன், ஒடிசாவின் சிலிகா ஏரிப் புழுக்களை விவரித்தபோது ஒன்றுக்கு 'மார்ஃபைசா கிரேவிலி' என்று பெயரிட்டார். அப்போது சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எஃப். எச். கிரேவிலியின் பெயர் அது. சென்னைக் கழிமுகத்திலும் அதே சாயலில் ஒரு புழு உண்டு. அது கூழ் போன்ற உறைக்குள் முட்டையிட்டு வளர்வதை விலங்கியலாளர் ஆர். கோபால ஐயர் 1931இல் எழுதினார். 1933இல் அதன் உடலமைப்பை விவரித்தபோது கிரேவிலி என்ற பெயரையே வைத்தார். பின்வந்தவர்களும் அப்படியே எழுதினார்கள்.

வெறுங்கண்ணுக்கு மார்ஃபைசா பேரினத்துப் புழுக்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். தலையில் ஐந்து உணர்கொம்புகள், உள்ளே கடினமான தாடைகள். வேறுபாடு நுண்ணோக்கியில்தான் பிடிபடும்: செவுள் எந்த வளையத்தில் தொடங்குகிறது, ஓர் இழைக்கொத்தில் எத்தனை இழைகள், துடுப்பிலுள்ள சீப்பு வடிவ முட்களுக்கு எத்தனை பற்கள். பல்லை எண்ணுவதிலேயே ஒரு நாள் போய்விடும். அதோடு இப்போது மரபணுவையும் ஒப்பிடுகிறார்கள். இங்கிலாந்துக் கடற்கரையில் கண்டு பெயரிட்ட 'மார்ஃபைசா சாங்குவினியா' உலகெங்கும் இருப்பதாக நம்பியிருந்தார்கள். சோதிக்கச் சோதிக்க அது பல இனங்களாகப் பிரிந்தது.

தென்னிந்தியப் புழுவும் வேறுதான் என்று 2020இல் ஆஸ்திரேலியாவின் பாட் ஹட்சிங்ஸும் உடன் ஆய்வாளர்களும் காட்டி, 'மார்ஃபைசா மெட்ராசி' என்று பெயரிட்டார்கள். இது வெறும் ஏட்டுத் திருத்தம் அல்ல. எந்த இனம் என்று தெரியாமல் அது எப்போது முட்டையிடும், எவ்வளவு பிடித்தால் அழியாது என்று எப்படிச் சொல்வது? சிலிகாவில் எடுத்த கணக்கைச் சென்னைச் சேற்றுக்குப் பொருத்தினால் கணக்கே பிசகும்.

விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிமுகத்தில் அனுமதியோடு புழு சேகரித்தால், ஒன்றை உருவம் கெடாமலிருக்க ஃபார்மலினில் போடுங்கள். இன்னொன்றைக் கட்டாயம் எத்தில் ஆல்கஹாலில் வையுங்கள். ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும். இடமும் தேதியும் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.