கடிகாரம் வைத்து எடை போட்ட கோள்கள்

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. நம் பூமியை மொத்தமாக இடித்துக் கலந்து, அதில் ஒரு லிட்டர் அள்ளினால் ஐந்தரைக் கிலோ நிற்கும். வியாழனில் அள்ளினால் 1.3 கிலோ. சூரியக் குடும்பக் கோள்களிலேயே அடர்த்தி மிகக் குறைந்த சனியில் 700 கிராம்தான்.

அன்னம் என்ற விண்மீன் கூட்டத்தில், சுமார் 2,600 ஒளியாண்டுத் தொலைவில், கெப்ளர்-51 என்றொரு விண்மீன் இருக்கிறது. பி, சி, டி என்று மூன்று கோள்கள் அதைச் சுற்றுகின்றன. அவற்றில் எதை அள்ளினாலும் ஒரு லிட்டருக்கு நூறு கிராம்கூடத் தேறாது! விஞ்ஞானிகளே இவற்றுக்குப் பஞ்சுமிட்டாய்க் கோள்கள் என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றில் பெரியதான டி ஏறத்தாழ சனியளவு அகலம். சனியின் நிறை 95 பூமிகளுக்குச் சமம். டியின் நிறையோ பத்து பூமிகளுக்குக்கூட வராது.

யாரும் போக முடியாத இடத்தில் இருக்கும் கோளை எப்படி எடை போட்டார்கள்? எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அந்தக் கதைதான்.

2009இல் நாசா கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியை அனுப்பியது. விண்மீன்களின் வெளிச்சத்தை விடாமல் அளந்துகொண்டே இருப்பதுதான் அதன் வேலை. ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து போகும்போது வெளிச்சம் கொஞ்சம் மங்கும். டி கடக்கும்போது நூறில் ஒரு பங்கு மங்குகிறது. அதை வைத்துக் கோளின் அகலத்தைக் கணக்கிடலாம். நிறை தெரிய வேறு வழி வேண்டும்.

இந்தக் கோள்கள் விண்மீனை ஒருமுறை சுற்ற முறையே 45, 85, 130 நாட்கள் ஆகின்றன. சுற்றும்போது ஒன்றையொன்று ஈர்ப்பு விசையால் இழுத்துக்கொள்கின்றன. அதனால் ஒரு கோள் சில சமயம் கொஞ்சம் முந்தி வரும், சில சமயம் பிந்தி வரும். பக்கத்துக் கோள் கனமானது என்றால் நேரம் அதிகமாக மாறும். லேசானது என்றால் மாற்றமும் கொஞ்சம்தான். கென்டோ மசூதா என்ற ஜப்பானிய விஞ்ஞானி இந்த நேர மாற்றங்களை வைத்தே 2014இல் மூன்று கோள்களின் நிறையையும் கணித்தார். கோளைத் தொடாமல், கடிகாரத்தை மட்டும் பார்த்து!

ஏன் இவ்வளவு உப்பியிருக்கின்றன? நடுவே சிறிய கரு, அதைச் சுற்றி ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த தடித்த போர்வை. கெப்ளர்-51க்கு வயது சுமார் 50 கோடி ஆண்டுகள்தான். நம் சூரியனுக்கோ 460 கோடி. பிறந்தபோது இருந்த சூடு இன்னும் தணியாததால் வாயு விரிந்தே கிடக்கிறது. காலம் போகப்போக இவை சுருங்கும். அந்த வாயுவில் நீராவி இருக்கிறதா என்று ஹப்பிள் தொலைநோக்கியில் தேடினார்கள். உயரத்தில் படர்ந்த மூட்டம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை டியின் பக்கம் திருப்பினார்கள். கடக்கும் நேரம் முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருந்தது. ஆனால் டி இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது! நல்லவேளையாக, தொலைநோக்கியைச் சீக்கிரமே பார்க்கத் தொடங்க வைத்திருந்தார்கள். மூன்று கோள்களை மட்டும் வைத்து எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்த இரண்டு மணி நேரம் இடித்தது. நான்காவது கோள் ஒன்றும் இழுக்கிறது என்று வைத்துக்கொண்ட பிறகுதான் கணக்கு சரியாக வந்தது. 2024 டிசம்பரில் அதை அறிவித்தார்கள். பெயர் கெப்ளர்-51 இ.

இ தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து போவதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் அகலம் தெரியாது. அகலம் தெரியாமல், அதுவும் பஞ்சுமிட்டாய்தானா என்று சொல்ல வழியில்லை.